நெற்றியில் வைத்த கை

சியாமளாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் என் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

ஜேர்மனியில் ஹம் நகர ஆஸ்பத்திரி. நோயாளி அவள்தான். நான் கதிரையில் இருந்து, தலையைப் பின்னால் சாய்த்து அவளுடைய கட்டில் விளிம்பில் வைத்திருந்தேன். ஒரு கை என் நெற்றியில். மற்றக் கையில் மருந்து.

"சிமிட்டாதேங்கோ."

"சிமிட்டேல்லை."

"சிமிட்டுறியள். எப்பவும் சிமிட்டுவியள்."

எனக்குக் கண் வறட்சி. பல வருடமாக. காலையில் இமையைத் திறந்தால் உள்ளே மணல் கிடப்பது போல இருக்கும். வீட்டில் ஹீட்டர் போடும் மாதங்களில் இன்னும் மோசம். மாறாது, மருந்து விட்டுக்கொண்டே இருக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். விடுவது சியாமளாவின் வேலை. என் கை கிட்ட வந்தாலே கண் மூடிக்கொள்ளும், மருந்து கன்னத்தில் ஓடும்.

அது ஆரம்பத்தில். பிறகு ஒருமுறை அவள் தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு லண்டன் போய்ச் சில கிழமை நின்றாள். அப்போது நானே பழகிவிட்டேன். கீழிமையை இழுத்துக்கொண்டு மேலே வீட்டு முகட்டைப் பார்த்தால் சரி. அவள் திரும்பி வந்தபோது அதை நான் சொல்லவில்லை. சொன்னால் காலையில் அந்தக் கை என் நெற்றிக்கு வராது.

"நான் இல்லாட்டி மருந்து விடக் கீழ்வீட்டு ஸ்வர்ணா வருவா. சொல்லிப்போட்டன்" என்றாள் சியாமளா.

"அந்தப் பிள்ளையை ஏன் கரைச்சல்படுத்துறீர்?"

"முதியோர் இல்லத்தில இரவு வேலை. புருசனும் விட்டிட்டுப் போட்டான். விடிய வந்து ஒண்டும் சாப்பிடாமல் படுக்குது. மருந்து விட வாற சாட்டில ஒரு தேத்தண்ணி, ரெண்டு ரொட்டி குடுங்கோ. சும்மா கூப்பிட்டா வராது."

விளங்கியது. தலையாட்டினேன். நான் வீடு வந்து சேர முதல் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்துவிட்டது.

ஸ்வர்ணா சொன்னபடி வந்தாள். வேலை முடிந்து, சீருடையோடு.

"சிமிட்டாதேங்கோ, அண்ணை."

நான் வேண்டுமென்றே இரண்டு தரம் சிமிட்டுவேன்.

அவளுக்காக விடிய எழும்பினேன். முகம் வழித்தேன். ரொட்டி சுட்டேன். பிறகு புட்டு, பிறகு இடியப்பம் என்று பழகினேன். அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். நானும் கூட இருந்து சாப்பிட்டேன்.

மாசி மாதம் ஒருநாள் ரயில் நிலையத்தில் நின்றேன். வறண்ட கண்ணில் குளிர்காற்றுப் பட்டால் தண்ணீர் ஓடும். துடைத்துக்கொண்டிருக்க, கோயில் நிர்வாகத்துச் செல்வரட்ணம் பக்கத்தில் வந்தார்.

"செத்த வீட்டில ஒரு சொட்டும் விடேல்லை. இப்ப இஞ்ச நிண்டு அழுறீர்."

"காத்து."

"ஓமோம், காத்து." குரலைத் தாழ்த்தினார். "குமாரசாமி, மனுசியின்ரை ஆண்டுத் திவசமும் முடியேல்லை. விடியக் காலமை ஒரு பொம்பிளை உம்மட வீட்டுக்கு வாறா, சிரிச்சுக்கொண்டு போறா. சனம் கதைக்குது."

"கண்ணுக்கு மருந்து விட வாறா."

"ஒரு சொட்டு விட அரை மணித்தியாலமோ?"

"ரெண்டு கண்."

அவர் சிரிக்கவில்லை. "நீர் ஆம்பிளை, தப்பிவிடுவீர். அந்தப் பெட்டையின்ரை பேர்தான் கெடும்."

அது சரியென்றுதான் பட்டது.

மறுநாள் ஸ்வர்ணா மருந்தை எடுத்தபோது நான் அதை வாங்கினேன். அவள் பார்த்திருக்க நானே இரண்டு கண்ணுக்கும் விட்டேன். சிந்தவில்லை.

"எனக்கு விடத் தெரியும், பிள்ளை. இவ்வளவு நாளும் நடிச்சனான். உம்மட பேர் கெட வேண்டாம். இனி வராதையும்."

கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதிரையை இழுத்து இருந்து புட்டுக்கு மேல் சம்பலைப் போட்டாள்.

"தெரியும், அண்ணை."

"என்ன தெரியும்?"

"உங்களுக்கு விடத் தெரியுமெண்டு. அக்கா லண்டனால வந்த அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டாவாம். மருந்து குறைஞ்சு கிடந்ததாம், உங்கட கண்ணும் சிவக்கேல்லையாம்."

"தெரிஞ்சுகொண்டே இவ்வளவு வருசமும் விட்டவவோ?"

"ஓம். சொன்னா அடுத்த நாள் தலையைச் சாய்க்க மாட்டார் எண்டவ."

மருந்தின் மூடியைத் திருகி மேசையில் வைத்தேன்.

"அப்ப நீர் ஏன் வந்தனீர்?"

"நீங்கள் சாப்பிடத்தான். 'அந்த மனுசன் தனக்கெண்டு அடுப்பு மூட்டாது. நீ சாப்பிட வாறாய் எண்டா எழும்பிச் சமைக்கும்' எண்டு அக்கா சொன்னவ." அவள் தட்டைப் பார்த்தாள். "எனக்கு இல்லத்திலேயே காலைச் சாப்பாடு தாறவை, அண்ணை. அதையும் சாப்பிட்டு இதையும் சாப்பிட்டு, சீருடை இறுகிப்போச்சு."

"சனம்?"

"செல்வரட்ணம் அண்ணையோ? அவரையும் நாளைக்கு வரச் சொல்லுங்கோ. அவரின்ரை கண்ணுக்கும் ஏதும் விட்டுப் பாப்பம்."

செல்வரட்ணம் வந்தார். புட்டு இறுக்கம் என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். அதன் பிறகு அடிக்கடி வருகிறார். சனம் இப்போது வேறு ஆட்களைக் கதைக்கிறது.

மருந்தை இன்றைக்கும் ஸ்வர்ணாதான் விடுகிறாள். நான் சிமிட்டுவதில்லை.

தேநீரை அவள் சியாமளாவின் கோப்பையில் குடிக்கிறாள்.