வாசல் குழி

சாலையைச் சீரமைப்பது பற்றித் தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்க நகராட்சிப் பொறியாளர் வந்திருந்தார். சமுதாயக் கூடத்தில் முதல் ஆளாக எழுந்தவர், கையில் மாவுக்கட்டோடு வந்திருந்த டீச்சர்.

"நாங்க குடிவந்து ரெண்டு மாசம்கூட ஆகலை சார். வாசல் குழியில ஸ்கூட்டரோட விழுந்து கை உடைஞ்சு போச்சு!"

"போதும், உட்காரு" என்று கணவர் அவருடைய மறு கையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. வீடு பார்க்கும்போதே இந்தத் தெரு வேண்டாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டீங்க. நான்தான் கேட்கலை."

கூட்டம் கைதட்டியது. டீச்சருக்கு உற்சாகம் பிறந்தது.

"ரோடு போட்டு ஒரே மழையில பல்லை இளிச்சிடுச்சாமே? இந்த ரோட்டைப் போட்ட புண்ணியவான் யாரு சார்? அந்த ஆளை இங்க கூட்டிட்டு வாங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கணும்!"

பொறியாளர் தர்மசங்கடத்தோடு தொண்டையைச் செருமினார்.

"கூட்டிட்டு வர வேண்டியதில்லைங்க மேடம். உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார்."

கூடமே அவர்கள் பக்கம் திரும்பியது. ரோடு கான்ட்ராக்டரான கணவர் தரையைப் பார்த்தார். டீச்சர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுப் பொறியாளரிடம் திரும்பினார்.

"இவரே மறுபடியும் ஒழுங்காப் போட்டுக் கொடுப்பார் சார்."

"சரிங்க. வேலையை மேற்பார்வை பார்க்கத் தெரு சார்பா யாராவது ஒருத்தர்..."

அவர் முடிப்பதற்குள் மொத்தக் கூட்டமும் டீச்சரைக் கைகாட்டியது.

கணவர் பதறி எழுந்தார். "சார், அதுக்கு என் லைசென்ஸையே ரத்து பண்ணிடுங்களேன்!"