இரண்டு ஏக்கர் வீம்பு

"காட்டை ஏன் இத்தனை வருஷமா வெட்டாம வச்சிருக்கீங்க, ஐயா?"

கேட்டுவிட்டு, வனத்துறையிலிருந்து கணக்கெடுக்க வந்த பெண் பேனா மூடியைத் திறந்தாள்.

அண்ணன்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மழை, மண், வருங்காலச் சந்ததி, கூடு கட்டும் பறவைகள் என்று ஒன்று விடாமல் எடுத்துவிட்டார். பறவைகளுக்கு வந்தபோது குரல் லேசாகத் தழுதழுத்தது. அது அவருக்கே ஆச்சரியம். அந்தக் காட்டில் என்னென்ன பறவை இருக்கிறது என்று கேட்டால் காக்காயைத் தவிர வேறு பேர் சொல்ல வராது.

அடுப்படியில் அவர் மனைவி ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாதா?

விஷயம் இதுதான். அப்பா போனபிறகு நிலத்தைப் பிரித்தபோது, வயலுக்குப் பின்னால் இருந்த நாலு ஏக்கர் காட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி வந்தது. பிரித்த அன்றைக்கே ஒரு முழ வரப்புக்காக வாய்த்தகராறு. அதோடு பேச்சு நின்றுபோனது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அண்ணன்காரருக்கு அந்தக் காட்டைக் கண்டாலே ஆகாது. காட்டுப்பன்றிகள் அங்கிருந்துதான் இறங்கி வந்து கிழங்கைத் தோண்டித் தின்றன. மரநிழல் விழுந்து கடைசி நாலு பாத்தி எப்போதும் சோகை பிடித்துக் கிடந்தது. காட்டை எடுத்துவிட்டு மாட்டுக்கொட்டகை போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கொட்டகைக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது வரை முடிவு செய்துவைத்திருந்தார்.

ஆனால் முதலில் தம்பி வெட்டட்டும் என்று காத்திருந்தார். அவன் ஒரு மரத்தில் கை வைத்ததும், அப்பா காத்த காட்டை அழித்த பாவி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மறுநாளே தன் பாதியையும் மொட்டையடித்துவிடலாம். இதைவிட நல்ல யோசனை அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

அந்தப் பாழாய்ப்போனவன் வெட்டவில்லை.

அவனும் இதே கணக்குத்தான் போடுகிறான் என்பதில் இவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவன், புத்தி வேறெங்கே போகும்? தினமும் விடியற்காலையில், மரம் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார். ஏதோ ஒரு பறவைதான் கத்தும். இப்படியே ஒரு காடு வளர்ந்துவிட்டது.

இப்போது அந்தப் பெண் கொண்டுவந்த இந்தப் படிவம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் இருபது வருஷத்துக்கு ஒரு மரத்தையும் தொட முடியாது. ஒருவர் மறுத்தாலும் செல்லாது. அவரவர் பாதியை அவரவர் இஷ்டப்படி வெட்டிக்கொள்ளலாம். தம்பி மறுத்துவிடுவான் என்ற தெம்பில்தான் பறவைகளுக்காக இவ்வளவு உருகினார்.

பெண் படிவத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். தம்பி காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னாள்.

கண்ணெதிரே கொட்டகை சரிந்தது, மாடுகளோடு.

இப்போதும் மறுக்கலாம்தான். ஆனால் வருங்காலச் சந்ததியைப் பற்றி அவர் சொன்ன அத்தனையையும் இந்தப் பெண் எழுதிக்கொண்டுவிட்டாளே! அரை மணி நேரத்துக்கு முன்னால் யாராவது தன் வாயைப் பொத்தியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

வேறு வழியில்லாமல் பேனாவை வாங்கினார். கையெழுத்துக்கு இடம் தேடும்போது பக்கத்துக் கட்டம் கண்ணில் பட்டது. தம்பி தன் கோழிக்கிறுக்கலில் தானே எழுதியிருந்தான். காரணம் கேட்ட இடத்தில் மழையும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரே வரி.

அண்ணனுக்கு அந்தக் காடு ரொம்பப் பிடிக்கும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அதேதான்.

அவனுக்கும் ஏதாவது ஒரு கொட்டகை ஆசை இருந்திருக்கும். அண்ணனுக்காகப் பன்னிரண்டு வருஷம் நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறான், மடையன். அவனைவிடப் பெரிய மடையன் நாற்காலியில் உட்கார்ந்து பறவைக்கதை சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன்காரர் நெசமாகவே உருகிப்போனார். இந்த முறை பறவைகளுக்காக இல்லை.

கையெழுத்துப் போட்டார். படிவத்தை உடனே விடவில்லை.

"என் பதிலை அடிச்சிடும்மா," என்றார். "தம்பி சொன்னது நெசந்தான்னு எழுதிக்கோ."