உரிமையாளர் யாருமில்லை

சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள் ஹோவேரா.

தரையைவிட்டு ஒரு முழம்தான் எழும்பியிருந்தது. அவள் ஏறியதும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது.

"எறங்குடி! வெள்ளைக்காரன் முன்னாடி என் மானத்த வாங்காத," என்று கத்தினார் எம்போகோ சித்தப்பா. பாக்குச் சாறு மோவாயில் வழிந்தது. விமானத்தைக் கொடுக்கத் தலையாட்டியவர் அவர்தான். வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

உலகப் போரில் விழுந்த போர்விமானம் அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கும் பிரெண்டன் இதைக் கொண்டுபோய், பழுது பார்த்து, மறுபடி பறக்கவிடப் போகிறானாம். பக்கத்தில் பலகை வைத்து இதன் வரலாற்றையும் எழுதுவானாம். ஊரே கூடி நிற்க, அதைத்தான் பெருமையாக வாசித்துக்கொண்டிருந்தான்.

அமெரிக்காவில் செய்தது. ஓட்டியவன் ஒரு லெப்டினன்ட். ஜப்பான்காரன் சுட்டதும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தான். ஊருக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்தான். விமானம் மட்டும் பப்புவாவின் ஆளில்லாத காட்டில் விழுந்தது. அன்று முதல் உரிமையாளர் யாருமில்லை. இப்போது பிரெண்டன்.

"ஒரு ஆணிகூடக் காணாமப் போகல. என்ன அதிர்ஷ்டம் பாருங்க!" என்றான்.

ஹோவேராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து ஊர்களில் விழுந்தவற்றை வெட்டிச் சட்டி செய்தார்கள், சீப்பு செய்தார்கள். இதை மட்டும் யாரும் தொடவில்லை. இறக்கையைப் பிளக்க முளைத்த மரங்களை வருஷா வருஷம் வெட்டிப் போட்டது அதிர்ஷ்டமா?

"காட்டுல விழல. சேப்பங்கிழங்குத் தோட்டத்துல விழுந்துச்சு," என்றாள். "தோட்டம்னா ஆள் இருப்பாங்க. யாரு மேல விழுந்துச்சுன்னு எழுதினியா?"

பிரெண்டன் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா மரத்தைப் பார்த்தார்.

செத்தது அவருடைய அப்பாவின் தங்கை. கிழங்கு பிடுங்கப் போன சின்னப் பெண். ஊர் வழக்கப்படி, கொன்ற பொருள் செத்தவருக்குத்தான் சொந்தம். செத்தவரே விட்டால்தான் அது இடம் நகரும். பேச்சு நடந்தபோது சித்தப்பா இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"சரிம்மா, அந்தப் பொண்ணு பேரச் சொல்லு. பலகையில சேத்துடறேன்," என்று சிரித்தான் பிரெண்டன். "அவ என்ன, எந்திரிச்சு வந்தா கேக்கப் போறா?"

"வந்துதான உக்காந்திருக்கேன்? என் மேலதான் விழுந்துச்சு. எறங்க மாட்டேன்."

பிரெண்டன் இன்னும் பலமாகச் சிரித்தான். கூட்டத்தில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

செத்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், அந்தப் பிள்ளை அந்த ஆளேதான். இங்கே அப்படித்தான். கிழங்கு பிடுங்கப் போனவள் செத்ததிலிருந்து அந்த வீட்டில் ஹோவேரா இல்லாமல் ஒரு தலைமுறையும் போனதில்லை.

சித்தப்பா பாக்கைத் துப்பினார். புறங்கையால் வாயைத் துடைத்தார். விமானத்தின் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல், சங்கிலி பிடித்திருந்த ஆட்களிடம் திரும்பினார்.

"கீழ எறக்குங்கடா. அத்தை வேணாங்கிறாங்க."

பிரெண்டன் கூட்டத்துக்குள் ஒரு கிழவியைத் தேடினான்.