இருந்த இடத்திலேயே

காட்டோரப் புல்வெளியில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. முகாமுக்கு வந்திருக்கும் பிள்ளைகளின் கழுத்தில் ஆளுக்கொரு விசிலை மாட்டிவிடுகிறாள் ஒரு தாய். போன வருஷம் இதே காட்டில் வழி தவறிய அவள் மகள், அம்மாவைக் காணோமென்று நடந்து நடந்தே, தேடிப் போனவர்களை விட்டு விலகிப் போய்விட்டாள், உயிரோடு கிடைக்கவில்லை. "வழி தெரியலேன்னா நடக்கவே கூடாது. ஒரு மரத்தைப் பிடிச்சிக்கிட்டு அங்கேயே உக்காந்து ஊதணும்," என்கிறாள். பிள்ளைகள் ஊதிப் பார்க்கிறார்கள். பறவைகள் கலைந்து பறக்கின்றன. முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி மட்டும் விசிலை வாயிலிருந்து எடுக்கிறாள். "இருட்டிடுச்சுன்னா ஆன்ட்டி?" "அப்பவும் அங்கேயே இரு." "எதுவரைக்கும்?" விசில் கயிற்றைச் சரிசெய்யும் தாயின் விரல்கள் நின்றுவிடுகின்றன. சிறுமியின் கன்னத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொள்கிறாள். "நான் வர்ற வரைக்கும்டி, கண்ணு. அம்மா வந்துடுவேன்."