அந்த ஒரு ஓட்டு

"போன ஜனாதிபதி தேர்தல்ல இந்த மாநிலத்துல கவர்னரோட கட்சி எத்தனை ஓட்டுல தோத்துச்சு, சொல்லு லைல்."

கேட்டது மைத்துனன் டுவேன். வண்டியை ஓட்டிக்கொண்டே பதிலையும் அவனே சொன்னான்.

"எழுநூறு. உன் கட்சி வாங்கினது எட்டாயிரம். அதுல பத்துல ஒருத்தர் இந்தப் பக்கம் சாஞ்சிருந்தாப் போதும்."

"யாருக்குப் போடணும்னு அவங்கவங்கதான் முடிவு பண்ணணும்."

நிலம் நீர் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக மூன்று மாதமாக ஊர் ஊராக இதையே சொல்லி லைலுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இப்போது சொன்னதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

பின் இருக்கையில் மனைவி நோரீன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். டயாலிசிஸ் முடித்து அப்படியே ஓட்டுப் போட வருகிறாள். வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் அவள் துவண்டுவிடுகிறாள்.

"சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கெல்லாம் இனி அரசாங்கப் பணம் கிடையாதுன்னு செனட்டர் மேடையிலயே சொல்லிட்டாரு," என்றான் டுவேன். "கவர்னர் தோத்து அவர் ஜனாதிபதி ஆனா அக்கா எங்கே போவா? பனி கொட்டுற நாள்ல ரெண்டு மணி நேரம் மலையிறங்கிப் போகணும். அவ உடம்பு தாங்குமா?"

"தெரியும் டுவேன்."

"தெரிஞ்சுமா இந்தப் பிடிவாதம்? ஏரி, ஆறு, காடுன்னு பேசிப்பேசி, கட்டினவ கண்ணுக்குத் தெரியாமப் போயிட்டாளா?"

"போதும்," என்றாள் நோரீன், கண்ணைத் திறக்காமலே. "நான் கவர்னருக்குத்தான் போடப்போறேன். அதை நேத்தே லைல்கிட்ட சொல்லிட்டேன். அவன் ஓட்டு அவனோடது. ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வந்தா எனக்குப் புண்ணியமாப் போகும்."

ஊர் மண்டபத்தில் தேவாலயத்துப் பெண்கள் வீட்டில் செய்த ஆப்பிள் பை பலகாரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். லைல் நுழைந்ததும் பேச்சு தணிந்தது. சிலர் தலையசைத்தார்கள். பெட்ரோல் பங்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன தேர்தலிலிருந்து நாலு வருடமாக இதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது.

திரைக்குப் பின்னால் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பயந்து ஓட்டுப் போடாதீர்கள், மனசாட்சிப்படி போடுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன்தான் அவன். மனசாட்சி இப்போது பின் இருக்கையில் சாய்ந்து கிடந்த முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டியது. கவர்னரின் பெயருக்கு நேராகக் குறி போட்டான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. சீட்டை மடித்து மரப்பெட்டியில் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தான்.

அந்த ஊரில் ஓட்டு எண்ண இயந்திரம் கிடையாது. கதவைச் சாத்தியதும் பெட்டியைத் திறந்து, எல்லார் முன்னிலையிலும் கையால்தான் எண்ணுவார்கள். மூவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நோரீன் அரைக் கோப்பை காப்பியை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். அதற்கு மேல் அவளுக்கு அனுமதி இல்லை. மாநிலம் முழுக்க இழுபறி என்று யாருடைய போனிலோ செய்தி ஓடியது.

ஊர்க்கூட்டத் தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"கவர்னருக்கு அறுபத்தொண்ணு. செனட்டருக்கும் அறுபத்தொண்ணு." கொஞ்சம் தயங்கினாள். "நிலம் நீர் கட்சிக்கு ஒண்ணு."

மண்டபமே திரும்பி லைலைப் பார்த்தது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அந்த ஒண்ணு யாரோடதுன்னு சொல்லணுமா என்ன?" என்றது ஒரு குரல். சிரிப்பு பரவியது.

டுவேனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பார்த்தியா? அந்த ஒரு ஓட்டை இந்தப் பக்கம் போட்டிருந்தா ஊராவது நம்ம கையில இருந்திருக்கும். மாநிலம் முழுக்க உன்னை மாதிரி ஆளுங்க. நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் முகத்துல முழிக்காதே."

நான் அப்படிப் போடவில்லை என்று லைலுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். வாயைத் திறந்தால், பிறகு அந்த ஒன்று யாருடையது என்று ஊரே தேட ஆரம்பிக்கும். அதைத் தேட அவனுக்கே பயமாக இருந்தது.

டுவேன் வண்டியை எடுத்துவரப் போனான். படிக்கட்டில் நல்ல குளிர். லைல் தன் கோட்டைக் கழற்றி நோரீனுக்குப் போர்த்தினான்.

"நான் கவர்னருக்குத்தான் போட்டேன், நோரீன்."

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தப் படியிலேயே மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, பைத்தியக்காரா?"

"அப்ப அந்த ஒண்ணு..."

"கவர்னருக்குப் போடத்தான் பென்சிலை எடுத்தேன்," என்றாள் அவள், களைத்த குரலில். "ஜனாதிபதி தேர்தல்ல நிக்கிறவனுக்குச் சொந்த ஊர்ல அவன் போட்டுக்கிட்ட ஓட்டு மட்டும்தான் விழுந்துச்சுன்னு நாளைக்கு யாரும் சிரிக்கக் கூடாதேன்னு, துணைக்கு ரெண்டாவதா இருக்கட்டும்னுதான் உன் பேருக்கு நேரா குறி போட்டேன்."