மொட்டைக்கழுத்து ராஜாத்தி

"உன் தம்பி என் கோழிக்குஞ்சு மேல கண்ணு வெச்சிருக்கான்" என்றார் பஸ் டிரைவர்.

"அவன் எதுக்குங்க அதைத் திருடப் போறான்?" என்றாள் மனைவி.

"சலூன்காரனுக்குக் கோழிக்கூட்டுல என்ன வேலை? செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு விட்டா நேரா இங்கதான் வர்றான். 'கொஞ்ச நேரம் விளையாடிட்டு வரேன் மாமா'ங்கறான். நாப்பது வயசுக் குழந்தை."

டிரைவரின் பயத்தில் நியாயம் இருந்தது. கழுத்தில் ஒரு இறகுகூட முளைக்காத அந்தப் பழைய இனம் இப்போது லேசில் கிடைப்பதில்லை. எங்கெங்கோ எழுதிப் போட்டு, இரண்டு வருடம் காத்திருந்து, ஆறே ஆறு முட்டை வாங்கி வந்து அடை வைத்தார்.

இருபத்தோராம் நாள் பார்த்து அவருக்கு டியூட்டி. மச்சானைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தால் ஐந்து கூமுட்டை. ஒன்று மட்டும் மொட்டைக் கழுத்தோடு கீச்சுக் கீச்சென்றது. 'ராஜாத்தி' என்று அப்போதே பெயர் வைத்துவிட்டார். யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் அவர் போட்ட ஆட்டத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

அடுத்த செவ்வாய் டியூட்டிக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, கொல்லைப்புறமாக வந்து கூட்டுக்குப் பின்னால் பதுங்கினார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது.

மச்சான் வந்தார். குஞ்சை எடுத்து மடியில் கிடத்தினார். பையிலிருந்து சவரக்கத்தியை எடுத்தார்.

டிரைவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஆடாதேடி ராஜாத்தி. ஆடினா கத்தி பட்டுடும்" என்று கொஞ்சியபடி, மச்சான் அதன் கழுத்தை மழிக்க ஆரம்பித்தார். "நீ சந்தையில வாங்கின சாதாக் கோழின்னு மாமாவுக்குத் தெரியக் கூடாது. ஆறுமே கூமுட்டைன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

டிரைவர் மூச்சுக் காட்டாமல் நழுவினார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. தெருமுனையில் நின்று தனியாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல.

அடுத்த இரண்டு செவ்வாயும் மச்சானுக்குக் காய்ச்சல். மூன்றாவது வாரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு அரக்கப்பரக்க ஓடி வந்தார்.

"மாமா, ராஜாத்தி கழுத்துல ஏதாச்சும்..."

"ஏன், அதுக்கென்ன?" டிரைவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மச்சான் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கழுத்து வழவழவென்று இருந்தது. சோப்பு வாசனை வேறு. ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்திரி.

டிரைவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"இனிமே நீயே பண்ணு மச்சான். எனக்குக் கை நடுங்குது."