ஒரு டொன்னா, அரை டொன்னா?

மில்லில் மூட்டை சுமக்கும் சாமித்தம்பி காலிதீனின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, அக்குளுக்குள்ளால் எடுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். நெல் மில்லில் கள்ளன் பிடிபட்டானாம் என்று கல்முனைக்குடியில் பாதி வாசலில் கூடிவிட்டது. மீதிப் பாதி வழியில் வந்துகொண்டிருந்தது.

கள்ளனுமில்லை, ஒன்றுமில்லை. காலிதீன் கொழும்பிலிருந்து மின்சார வின்ச் விற்க வந்தவர். நெல்மூட்டையைப் பரணுக்குத் தூக்கும் அந்த யந்திரத்தில், தன்னையே மூட்டையாகக் கட்டித் தூக்கிக் காட்டுவதாக வாயைக் கொடுத்தவரும் அவரேதான்.

வேறு வழியும் இருக்கவில்லை. மூன்று மாதமாக ஒரு வின்ச்கூட விற்காதவர். இந்த முறையும் ஓடர் இல்லாமல் திரும்பினால் வேலையில்லை என்று கம்பனியில் சொல்லியே அனுப்பியிருந்தார்கள்.

"இடையில கரண்ட் நிண்டா?" என்று கேட்டார் மில் முதலாளி கச்சிமுகம்மது.

"நிண்டா என்ன நானா, பிறேக் கப்பெண்டு புடிச்சுக்கொள்ளும். ஆனா நான் கொண்டுவந்த, அரை டொன் தூக்குற இந்த வின்ச் உங்கட மில்லுக்குப் போதாது. நீங்க ஒரு டொன்தான் எடுக்க வேணும்."

சாமித்தம்பி பொத்தானை அமுக்கினார். காலிதீன் எழும்பினார். எஞ்சின் அறை வாசலில் குந்தியிருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முக்காட்டுக்காரிகூட ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

முகட்டுக்கு இன்னும் ஒரு முழம்தான். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. வின்ச்சுக்குக் கரண்ட் கொடுத்த டைனமோவும் அடங்கியது; காலிதீன் அந்தரத்தில் நின்றார். அதற்குப் பிறகுதான் பள்ளியிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வாங்கு கேட்டது.

"இந்தக் கிழட்டு எஞ்சின் நிண்டா, திரும்பவும் சூடாக்கிக் கிளப்ப அரை மணித்தியாலம் போகும்" என்று தொப்பியை மாட்டினார் கச்சிமுகம்மது. "குத்பாப் பிரசங்கம் தவறிரும். தொழுதுபோட்டு வந்து இறக்குறம் தம்பி."

எஞ்சின்காரர் போனார், ஊர் போனது. சாமித்தம்பியும் சோற்றுப் பொதியோடு கடற்கரைப் பக்கம் இறங்கினார். இருபதடி உயரம்தான், ஆனால் காலிதீனுக்குக் கீழே கிடந்த மூட்டைகள் கச்சான் கொட்டையளவில் தெரிந்தன.

கயிறு அவரை மெல்ல மெல்லச் சுற்றியது. கிழக்கே திரும்பும்போது கூரை இடுக்கில் கடல் தெரிந்தது, மேற்கே திரும்பும்போது தொழும் திசையான கிப்லா. கிப்லாவுக்கு நேரே வந்தபோதெல்லாம் பிழை பொறுக்கச் சொல்லி ஒரு தௌபா கேட்டுக்கொண்டார். உத்தரத்தில் ஒரு காகம் வந்து குந்தி, இது பழமா காயா என்று அவரைத் தலை சாய்த்துப் பார்த்தது.

மில்லில் மிச்சமிருந்தது முக்காட்டுக்காரி மட்டும்தான். முதல் சுற்றில் "ஏ புள்ள" என்று கூப்பிட்டார். இரண்டாம் சுற்றில் அது "ராத்தா" ஆயிற்று. மூன்றாம் சுற்றில் "உம்மா" என்றே வந்துவிட்டது.

"உம்மா, ஆரையாவது கூப்பிடுங்க. என்ட ஜும்ஆவும் போகுது."

"பிரயாணிக்கு ஜும்ஆ கடமையில்ல மகன். இறங்கி லுஹர் தொழலாம்." சுளகு நிற்கவில்லை. "சும்மா தொங்குற நேரத்தில ஒண்டு சொல்லுங்க. ஒரு டொன் எண்டா எத்தின மூட்ட?"

"பதினைஞ்சு வரும்."

"ஒரு தரத்துக்குப் பதினைஞ்சு மூட்டய ஏத்தினா பரண் தாங்குமா?"

நிலத்தில் நின்றிருந்தால் காலிதீன் ஒரு மணித்தியாலம் பேசியிருப்பார். அந்தரத்தில் பொய் வர மறுத்தது. "தாங்காது."

"டைனமோ?"

"அதுவும் தாங்காது. அரை டொன்னே இந்த மில்லுக்கு மிச்சம். அதில கமிஷன் குறைவு, அதனாலதான் மற்றதச் சொன்னன். முதலாளிட்டச் சொல்லிப்போடாதீங்க உம்மா."

"நான் ஏன் அவர்ட்டச் சொல்லப்போறன்?" என்று அவள் உமியை ஊதினாள்.

தொழுகை முடிந்து, எஞ்சின் சூடேறி, ஒருவழியாக அவரை இறக்கியபோது காலிதீனின் கால்கள் இரண்டும் இரவல் வாங்கியவைபோல் இருந்தன. ஊர் சிரித்த சிரிப்பில் அந்தக் காகம் சாய்ந்தமருதுவரை பறந்திருக்கும்.

"சரி, ஒரு டொன்னுக்கே எழுதுங்க" என்றார் கச்சிமுகம்மது.

காலிதீனுக்கு உயிர் திரும்பியது. ஓடர் புத்தகத்தை நீட்டினார்.

"என்னட்ட எதுக்கு?" முதலாளி சுளகுப் பக்கம் கையைக் காட்டினார். "கையெழுத்து என்ட பொஞ்சாதி சல்மா உம்மா வைக்க வேணும். மில் அவட சீதனம். எங்கட பக்கத்தில வளவும் வயலும் பொம்புளப் புள்ளையளுக்குத்தான் தம்பி. நான் வீட்டோட வந்த மாப்பிள."

காலிதீனுக்கு மறுபடியும் அந்தரத்தில் ஏற்றியதுபோல் இருந்தது. வந்த உயிரும் போன உத்தியோகமும் ஒன்றாய்ச் சுற்றின.

சல்மா உம்மா கையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். 'ஒரு டொன்' என்பதை வெட்டினார். 'அரை டொன்' என்று எழுதி, முன் பரணுக்கு ஒன்று, பின் பரணுக்கு ஒன்று என்று பக்கத்தில் 'இரண்டு' போட்டு, கையெழுத்தும் வைத்தார்.

காலிதீன் கையெழுத்தை இரண்டு தரம் பார்த்தார். "உம்மா, ஒரு மணித்தியாலம் நான் அந்தரத்தில கிடந்ததக் கண்ணால பாத்திட்டுமா இத வாங்குறீங்க?"

சல்மா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுளகை எடுத்தார்.

"பிறேக் புடிக்குதா எண்டு பாக்க எஞ்சின நிப்பாட்டச் சொன்னதே நான்தான், மகன்."